டிராக்டரில் ஆயில் விளக்கு எரிந்த ஆனி மாதம்

அம்மணி,

உன் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. மாவு அரைத்த கையோடு வாசலிலேயே நின்று படித்துவிட்டு, உன் அப்பாவுக்காக இன்னொரு தடவை சத்தமாகப் படித்தேன். உன் மாமியார் உனக்கென்று காரம் குறைத்துக் குழம்பு வைப்பதையும், மாப்பிள்ளை உன்னைப் பவானிக் கூடுதுறைக்குக் கூட்டிக்கொண்டு போனதையும் கேட்டு அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் கடைசிப் பக்கத்தில், ஏதோ மறந்து போனதைச் சொல்வது போல நீ எழுதியிருந்த நாலு வரிதான் என்னை இன்று காகிதமும் பேனாவுமாக உட்கார வைத்திருக்கிறது. உங்கள் தோட்டத்துச் சின்ன டிராக்டரில் ஆயில் விளக்கு எரிகிறது. வண்டி சூடானதும் எரிகிறது, வேகத்தைக் கூட்டினால் அணைகிறது. கேட்டால், அது ரொம்ப நாளாகவே அப்படித்தான் என்கிறார்கள். வந்து மூன்று மாதம்கூட ஆகாத நான் இதில் வாயைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

திறக்கலாம் என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டிருந்தாலே போதும். ஆனால் எப்படித் திறப்பது என்பது கார்டில் அடங்காது. நம் வண்டியில் அதே விளக்கு எரிந்த கதையை நீ முழுசாகக் கேட்டதும் இல்லை. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆனி மாதம் அது. நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை நேரம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன்னிடம் பேசும்போதெல்லாம் அப்பாவுக்குக் கால் தேவலை, தோட்டத்தில் எல்லாம் நல்லபடி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். நல்லபடியாக இல்லை, கண்ணு. பிறகுதான் நல்லபடியாக ஆயிற்று.

மோட்டார் ரூம் படியில் பாசி வழுக்கி அப்பா விழுந்தது உனக்குத் தெரியும். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. காய்ச்சல் வந்தால்கூட ஒரு நாள் படுக்காத மனிதர், முன் அறையில் கயிற்றுக் கட்டிலில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். விதை வெங்காயம் வாங்கி வந்து சரக்கு வைக்கிற செட்டில் பரப்பி வைத்திருந்தோம். அது முளைவிட ஆரம்பித்துவிட்டது. மலைப்பக்கம் மழை இறங்கி இரண்டு நல்ல உழவு மழையும் பெய்துவிட்டது. மேற்கே மலையடியில் இருக்கிற காட்டை உழுது, மண்ணை வரிசை வரிசையாக மேடு கட்டிப் பார் பிடித்தால் நட்டுவிடலாம். ஆனால் சுற்று வட்டாரத்தில் வாடகைக்கு ஓடுகிற டிராக்டர் ஒன்றுகூடச் சும்மா இல்லை. எல்லோருக்கும் அதே மழைதானே பெய்தது. நம் வீட்டிலோ, தென்னைக்கு நடுவில் ஓட்டுவதற்கென்று வாங்கிய சின்ன டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. ஓட்டத் தெரிந்தவர் கட்டிலில். அவரைத் தவிர ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டதில் அப்பாவுக்கு உள்ளூரச் சம்மதம் கிடையாது. சும்மா இருந்த ஒரு வெயில் காலத்தில், ஆசையாக இருக்கிறது என்று நச்சரித்து அவரிடமே கற்றேன். பழகி முடித்ததும், "தெரிஞ்சுக்கிட்டயல்ல, போதும். வர்றவன் போறவனெல்லாம் நின்னு வேடிக்கை பாக்கறான்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. அன்றைக்குக் காலையில் கட்டிலருகே போய், "நான் ஓட்டட்டுங்களா?" என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே, "வேற ஆரு இருக்கறா?" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சாவியை எடுத்தேன்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மண் ஈரமாகப் புரண்டு விழுகிற வாசனை, பின்னாலேயே வருகிற கொக்குகள். வேலைக்கு வந்த பழனாள் வரப்பில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அன்றைய கடைசி உழவுச் சாலுக்குத் திரும்புவதற்காக வண்டியை மெதுவாக்கியபோதுதான் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. வேகத்தைக் கூட்டினேன், அணைந்தது. குறைத்தேன், எரிந்தது. சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் பிடித்ததும் அணைந்துவிட வேண்டும், ஓடும்போது எரிந்தால் ஆயிலுக்குத் தேவையான அழுத்தம் இல்லை என்று அர்த்தம், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும்போது அப்பா சொல்லியிருந்தார். நிறுத்திவிட்டேன்.

கட்டிலில் கிடந்தவருக்குக் காதெல்லாம் வண்டியிடம்தான் இருந்திருக்கிறது. சத்தம் நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வீட்டிலிருந்த ஆள் ஓடி வந்து, "ஏனுங்க, வண்டி எதுக்கு நின்னு போச்சுன்னு அய்யா கேக்கறாருங்க" என்றான். அதற்குள் பக்கத்துக் காட்டு ரங்கசாமி அண்ணன் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். நல்ல மனிதர், உதவி என்றால் முதலில் நிற்பவர். விளக்கை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்கா நிறுத்திப்போட்டு நிக்கறீங்க அம்மணி? அந்த வயரைப் புடுங்கி உட்டா விளக்கு அணைஞ்சு போகுது. ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"விளக்கு அணைஞ்சா இன்ஜின் செரியாயிருமுங்களாண்ணா?"

"அது செரியாகாது. ஆனா இருட்டுதில்லீங்க. யானை எறங்கற நேரம். வண்டியை இங்க உட்டுட்டுப் போனா காலையில இரும்பைத்தான் பொறுக்கோணும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த மாதம் வாழைக்காட்டில் இரண்டு தடவை யானை இறங்கியிருந்தது. வீடும் ரொம்பத் தூரமில்லை. ஓட்டினால் ஐந்து நிமிஷத்தில் போய்விடலாம். சாவியில் கை வைத்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கை திருகவில்லை. வண்டி என்னிடம் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது, அது என்னவென்று தெரியாமல் அதன் வாயை எப்படி மூடுவது என்று இருந்தது. "வேண்டாமுங்கண்ணா. உங்க மாட்டை இந்த வண்டியில கொஞ்சம் பூட்டறீங்களா?" என்றேன். ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உழுத மண்ணில் சக்கரம் புதைந்தது. மாடுகள் முக்கின. நாங்கள் எல்லோரும் பின்னால் நின்று தள்ளினோம். வண்டித் தடம் வந்ததும் சுலபமாகிவிட்டது. வீடு சேர்ந்தபோது எனக்கு முழங்கால் வரைக்கும் சேறு. அன்றைக்கு யானை வரவில்லை, அது வேறு விஷயம். ரங்கசாமி அண்ணன் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. வந்து சொன்னதும் கத்தினார். "நல்லா ஓடிட்டு இருந்த வண்டி. ஓட்டத் தெரியாத கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்." பழனாளுக்கும் ஆளுக்கும் முன்னாலேயே சொன்னார். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன் என்று கொட்டத்துக்குப் போய், அங்கே நின்று அழுதேன். காலில் வலி, நடவு தள்ளிப் போகிற பயம், எழுந்து போய்ப் பார்க்க முடியாத ஆத்திரம் எல்லாம் சேர்ந்துதான் அப்படிப் பேசினார் என்று இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. இனி அந்த வண்டியைத் தொடுவதில்லை என்றுதான் தோன்றியது.

காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது, டம்ளரை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார். பிறகு, "ஆயில் குச்சியை எடுத்துப் பாத்தயா?" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வராது, உனக்குத் தெரியுமே. ஆனால் நேற்றைய குரல் இல்லை அது. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். செட்டில் வெங்காயம் முளைத்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். வண்டி சமதரையில் நின்றது, இன்ஜின் ஆறியிருந்தது. குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். இரண்டு கோடு இருக்கும் பார், அதில் மேல் கோட்டுக்கும் மேலே ஆயில் நின்றது. ஓடிப் போய்ச் சொன்னேன். இரண்டு பேருக்கும் உயிர் வந்தது. ஆயில் குறையவில்லை, நிறையவே இருக்கிறது!

"அப்ப வயரைப் பாரு" என்றார். கட்டிலில் இருந்தபடி அவர் சொல்ல, நான் போய்ச் செய்துவிட்டு வந்து சொல்ல, அந்தக் காலைப் பொழுது அப்படியே போயிற்று. சாவியை மட்டும் போட்டு, இன்ஜின் பக்கத்தில் ஆயில் அழுத்தம் குறைந்தால் அந்த விளக்கை எரிய வைக்கிற சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் விளக்கு அணைந்தது. வயர் நடுவில் எங்கும் உரசவில்லை. வயர் நுனியை இன்ஜின் இரும்பில் தொடச் சொன்னார். தொட்டதும் எரிந்தது. பல்பும் சரி. வயரை மாட்டிவிட்டு வந்தேன். ஆயில் மாற்றி நாளாகிவிட்டது, பழசு நீர்த்துப் போயிருக்கும் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். புது ஆயிலும் புது ஃபில்டரும் வரவழைத்தோம். அடியில் நட்டைக் கழற்றிப் பழையதை வடித்தேன். தண்ணீர் போல ஓடியது. டீசல் வாடை வந்த மாதிரியும் இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னாடிதான் டேங்குக்கு டீசல் ஊற்றியிருந்தேன், என் கை வாடைதான் என்று விட்டுவிட்டேன். புது ஆயிலை மேல் கோடு வரைக்கும், ஒரு சொட்டு கூடாமல் ஊற்றினேன். இன்ஜினைப் போட்டதும் விளக்கு அணைந்தது. முன் அறையிலிருந்து அப்பா, "அணைஞ்சுதா?" என்று கத்தினார். "அணைஞ்சுதுங்க!" என்று நானும் கத்தினேன்.

பாதிக் காடு உழுதேன். அதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை வீட்டுக்குப் பக்கத்தில்தான் வண்டி நின்றது. ஆறவிட்டுக் குச்சியை எடுத்தேன். மேல் கோட்டுக்கும் மேலே. என் கையால் கோடு வரைக்கும் ஊற்றிய ஆயில், யாரும் ஊற்றாமல் எப்படி ஏறும்? குச்சியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"கூடுதலா ஊத்திப்போட்டயா?" என்றார்.

"இல்லீங்க. கோடு வரைக்குந்தான் ஊத்தினேன். என்ற கண்ணால பாத்துப் பாத்து ஊத்தினேன்."

அப்பா என்னையே பார்த்தார். கூடுதலாக ஊற்றியிருப்பாய் என்று அவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, அதற்கு மேல் என்னிடம் சாட்சி ஒன்றும் இல்லை. வெளியே மறுபடியும் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"செரி" என்றார். "நீ ஊத்தல. அப்ப என்னமோ உள்ள வருது. குச்சியை இங்க கொண்டா."

விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்து பார்த்தார், என்னிடம் நீட்டினார். என் கையில் அன்றைக்கு டீசலே பட்டிருக்கவில்லை. சந்தேகமே இல்லாமல் டீசல் வாடை. தண்ணீர் கலந்தால் ஆயில் மோர் போல வெளுக்கும், இது கறுப்பாகவே இருக்கிறது, டீசல்தான் இறங்குகிறது, ஆயில் நீர்த்துப் போனதால்தான் அழுத்தம் நிற்கவில்லை என்றார். வாடையைத்தான் நான் முதலிலேயே பார்த்தேனே, கை என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். "பரவால்ல, இப்பச் சொன்னயல்ல" என்றார். அப்புறம் திடீரென்று, "என்னையத் தூக்கிட்டுப் போங்க" என்று ஆரம்பித்துவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. கடைசியில் ரங்கசாமி அண்ணனும் ஆள்களுமாகக் கட்டிலோடு தூக்கிக் கொண்டுபோய் டிராக்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். காலை நீட்டிக்கொண்டு, மேலே ஒரு குடையும் பிடித்துக்கொண்டு மகாராஜா மாதிரிப் படுத்திருந்தார். ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்த மெக்கானிக் தங்கவேலு மொபெட்டில் வந்து இறங்கி, கட்டிலையும் டிராக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இப்ப ஆருக்கு வைத்தியம் பாக்கோணும்?"

அத்தனை பேரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், விழுந்த பிறகு முதல் தடவையாக. தங்கவேலு விளக்குச் சுவிட்சைக் கழற்றிவிட்டு அங்கே அழுத்தம் காட்டுகிற ஒரு மீட்டரை மாட்டி இன்ஜினை ஓட விட்டார். சூடாகச் சூடாக முள் இறங்கிக்கொண்டே வந்தது. விளக்கு பொய் சொல்லவில்லை. உள்ளே ஆயில் பம்ப்போ பேரிங்கோ தேய்ந்திருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான் என்று தங்கவேலு சொன்னார். பிரித்தால் இந்தப் பருவத்து நடவு போச்சு. அப்போது அப்பா படுத்தபடியே சொன்னார்: "பிரிக்கறதுக்கு மின்னால இவகிட்டக் கேளுங்க. ஓட்டினதும் இவதான், பாத்ததும் இவதான்." சேற்றுக் காலோடு நின்று, ஊற்றியது எவ்வளவு, ஏறியது எவ்வளவு, வாடை என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். தங்கவேலு குறுக்கே பேசாமல் கேட்டார். குச்சியை வாங்கி அவரும் மோந்தார். "அட, அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்ப்பை இன்ஜின் பக்கவாட்டிலிருந்து கழற்றினார். உள்ளே ஒரு ரப்பர் தகடு உண்டு. அதில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். இன்ஜின் ஓட ஓட அந்த வழியாக டீசல் ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதை மாற்றி, ஆயிலை மறுபடி வடித்துப் புதிதாக ஊற்றியதும் விளக்கு அணைந்தது. சூடேறினாலும், வேகத்தைக் குறைத்தாலும் அது எரியவில்லை. விளக்கு முதல் தடவை எரிந்த சாயங்காலம் அப்படியே எரியவிட்டு வீடு வரைக்கும் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும் என்று தங்கவேலு சொன்னபோது, ரங்கசாமி அண்ணன் தன் மாடுகளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார். மீதிக் காட்டையும் நானே உழுதேன். விதையில் கொஞ்சம் அழுகியிருந்தது. பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை நட்டோம். நல்ல மழை, நல்ல விளைச்சல். நீ லீவுக்கு வந்தபோது செட்டு நிறையப் பார்த்தாயே, அந்த வெங்காயம்தான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டியிலும் டீசல்தான் இறங்குகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயில் குறைவாக இருக்கலாம், சுவிட்சு கெட்டிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், நிஜமாகவே உள்ளே தேய்ந்தும் இருக்கலாம். இங்கிருந்து எனக்குத் தெரியாது, பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். நாளைக் காலையில், யாரும் வண்டியை எடுக்கும் முன்னால் போய்க் குச்சியை எடுத்துப் பார். துடைத்து, விட்டு, மறுபடி எடு. அளவைப் பார், விரலில் தேய், மோந்து பார். பிறகு மாப்பிள்ளையிடம் போய், வண்டியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஆரம்பிக்காதே. எனக்கு எல்லாம் தெரியும் என்றும் ஆரம்பிக்காதே. நீ பார்த்ததை மட்டும் சொல். "ஆயில் இங்க வரைக்கும் நிக்குதுங்க, இப்படி வாடை வருதுங்க, நீங்களும் வந்து பாருங்க" என்று சொல். சுவிட்சு இருக்கிற இடத்தில் ஒரு மீட்டரை மாட்டிப் பார்க்கும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று சொல். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. உன் மாமியார் வீட்டார் நல்லவர்கள், நான் பார்த்தவரைக்கும் உன்மேல் பிரியமாகவும் இருக்கிறார்கள். ஒரு தடவைக்குக் கேட்காமல் போனால் மறுநாளும் சொல். முதல் தடவையிலேயே என் பேச்சு எடுபட்டிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம் ஆகியிருக்காது. அந்த வீட்டில் எது கெட்டுப் போனாலும் இனி உனக்கும்தானே நஷ்டம்? அப்புறம் எப்படி நீ வெளி ஆள் ஆவாய்?

எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கத்தியதை எதற்கு எழுதினாய் என்று முதலில் முணுமுணுத்தார். அந்த வரிகளை அடித்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், இருக்கட்டும். மாப்பிள்ளையும் படிப்பாரல்ல" என்றார். இன்ஜின் சத்தம் மேலே உட்கார்ந்திருப்பவருக்குச் சரியாகக் கேட்காதாம், கீழே நிற்பவருக்குத்தான் கேட்குமாம். அதனால் மீட்டர் மாட்டுகிற அன்றைக்கு உன்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து ஓட்டச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை இறங்கிப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டுமாம். இதை மறக்காமல் எழுதச் சொன்னார். உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே என்றேன்.

"அதுக்கென்ன? அவரு சொல்லிக் குடுக்கட்டும்" என்கிறார் உன் அப்பா.

அம்மா